சினைப்பைக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் 215 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் உடல் எடை கூடியவர்கள். டைப் 2 சர்க்கரை நோய் இருப்பது அப்போதுதான் தெரிய வந்திருந்தது, யாரும் இன்னும் மாத்திரையைத் தொடவில்லை. ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைத்த உணவு. மறு பாதிக்கு மத்தியதரைக் கடலோரத்துச் சாப்பாடு: காய்கறி, முழுத்தானியம், மீன், கோழி, தினமும் 30 கிராமாவது ஆலிவ் எண்ணெய். கலோரி வரம்பு இரு தரப்புக்கும் ஒன்றுதான். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், கொழுப்பு குறைத்தவர்களில் 70 சதவீதம் பேர் மாத்திரைக்குப் போயிருந்தார்கள். எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர்தான். முடிவு வெளியானது 2009-இல்.

எண்ணெய் கூடச் சாப்பிட்டவர்களுக்கு மாத்திரை ஏன் குறைந்தது? இன்சுலினைக் கொஞ்சம் பின்தொடர்ந்தால் புரியும்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசை செல்லின் கதவைத் தட்ட, கதவு திறந்து சர்க்கரை உள்ளே போகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் அது கசியத் தொடங்கினால், தட்டும் சத்தம் செல்லுக்குச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் என்ன செய்யும்? இன்னும் பலமாகத் தட்டும். அதாவது இன்னும் இன்சுலின். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள்.

வம்பு எங்கே என்றால், தசைக்குக் காது மந்தமானாலும் சினைப்பைக்கு நன்றாகவே கேட்கிறது. சினைப்பையில் சில செல்கள் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களை, அதாவது ஆண் ஹார்மோன்களை, தயாரிக்கும். இது எல்லாப் பெண்களுக்கும் இயல்பு. மூளையடியிலிருந்து வரும் எல்ஹெச் ஹார்மோன் அவற்றை வேலை வாங்குகிறது, இன்சுலின் கூடச் சேர்ந்தால் உற்பத்தி எகிறுகிறது. கருமுட்டைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோகின்றன, மாதவிடாய் தள்ளிப்போகிறது. பிசிஓடி, சினைப்பை நீர்க்கட்டி என்றெல்லாம் நாம் பேச்சில் சொல்லும் பிசிஓஎஸ்ஸின் ஒரு முக்கியப் பாதை இது. எல்லோருக்கும் இதே பாதைதான் என்றில்லை. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் அது வருவதுண்டு.

ஈரலுக்கும் இதில் பங்கு உண்டு. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் ஒரு புரதத்தை ஈரல் தயாரிக்கிறது. இன்சுலின் மிகுந்தால் அந்தப் புரதம் குறைகிறது, கட்டவிழ்ந்த ஹார்மோன் ரத்தத்தில் கூடுகிறது. பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தும் சிலருக்கு முகப்பருவும் தாடையில் முடியும் விடாமல் வருவது இதனால்தான்.

இப்போது தட்டுக்கு வருவோம். கொண்டைக்கடலை, பருப்பு, காய்கறி ஆகியவற்றின் நார்ச்சத்து குடலில் கூழாகிச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. மீதி நார் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைக்க, சிறிய கொழுப்பு அமிலங்கள் பிறக்கின்றன. இவை குடல் செல்களை உசுப்பி, சர்க்கரையையும் பசியையும் அடக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. சர்க்கரை நோய்க்குப் போடும் ஓசெம்பிக் ஊசி போலி செய்வது இதே ஹார்மோனைத்தான். ஊசியின் பலத்தைக் கடலையில் எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் கதவு ஒன்றுதான்.

ஆலிவ் எண்ணெயைப் பொறுத்தவரை, வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு இருந்த இடத்தை அது பிடிக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். நிறைவுற்ற கொழுப்பு ஈரலில் எளிதாகப் படியும், ஆலிவின் ஒலியிக் அமிலம் அந்த அளவுக்குச் செய்வதில்லை. நல்ல ஆலிவ் எண்ணெயை வெறுமனே குடித்தால் தொண்டை காந்தும். காரணம் ஓலியோகாந்தல் என்ற பொருள். இபுப்ரோஃபென் மாத்திரை தடுக்கும் அதே அழற்சி நொதிகளை இதுவும் தடுக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். உடனே பாட்டிலை மருந்தலமாரியில் வைக்க வேண்டாம்: 50 மில்லி எண்ணெய் குடித்தாலும் ஒரு பெரியவருக்கான வலி மாத்திரை அளவில் பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

வருமுன் காக்க முடியுமா? ஸ்பெயினின் ரேயுஸ் ஊரில் சர்க்கரை நோய் இல்லாத 418 பேரைச் சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். கலோரிக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன தரப்பில் 17.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. ஆலிவ் எண்ணெய் கொடுத்த தரப்பில் 10.1, பாதாம், வால்நட் போன்றவை கொடுத்த தரப்பில் 11. இது ப்ரெடிமெட் என்ற பெரிய ஆய்வின் ஒரு கிளை. அந்தப் பெரிய ஆய்வின் 2013 கட்டுரை, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்ததில் ஓட்டை தெரிந்ததால், 2018-இல் திரும்பப் பெறப்பட்டுத் திருத்தி வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை என்றாலும், அதைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் அடுக்குவது நியாயமில்லை.

பிசிஓஎஸ்ஸுக்கு இவ்வளவு தெளிவான சான்று கிடையாது. 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், எந்த ஒரு உணவுமுறையும் மற்றதைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. இன்சுலினைத் தணிக்கும் எந்தச் சாப்பாடும் மேலே சொன்ன வழியில்தானே வேலை செய்யும்!

ஹார்மோன் கோளாறு எல்லாமே இப்படிச் சாப்பாட்டுக்கு மசியாது. தைராய்டு கதை வேறு. சுரப்பியே நலிந்து ஹார்மோன் குறைந்துவிட்டால் அதை மாத்திரையால்தான் ஈடுகட்ட வேண்டும், சாலட்டால் முடியாது. இன்னொன்று, நார்ச்சத்து மிகுந்த சாப்பாடு அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கவும் கூடும். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.