பனிமேட்டிலிருந்து இறங்கும் காற்று

1912 ஜனவரியில் டக்ளஸ் மாசன் தலைமையிலான ஆஸ்திரேலேசிய அண்டார்க்டிகப் பயணக் குழு, காமன்வெல்த் விரிகுடாவின் கரையிலுள்ள டெனிசன் முனையில் கப்பலை நிறுத்திக் குடில் அமைத்தது. பிற கடற்கரைப் பகுதிகளில் கடற்பனி வழிமறித்துக்கொண்டிருக்க, இங்கு மட்டும் நீர் திறந்து கிடந்ததும், கரையில் பாறை வெளியே தெரிந்ததும் அவர்களுக்கு வாய்ப்பாகத் தோன்றின. சில நாட்களுக்குள் காற்று வீசத் தொடங்கியது. பிறகு அது ஓய்ந்ததே அரிது. அவர்கள் எடுத்த அளவீடுகளைப் பிற்காலத்தில் திருத்திக் கணக்கிட்டபோதும் ஆண்டு முழுவதற்குமான சராசரி வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்று தெரியவந்தது. கடல் மட்டத்தில் இத்தகைய சராசரி வேறெங்கும் பதிவானதாகத் தெரியவில்லை. அருகிலுள்ள பிரெஞ்சு நிலையமான துயுமோன் துர்வீலில் 1972 ஜூலையில் ஒரு வீச்சு மணிக்கு 327 கிலோமீட்டரைத் தொட்டது. அந்தக் குழுவைக் கரைக்கு வரவழைத்த திறந்த நீரும், கரையேறிய பின் வாட்டிய காற்றும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை.

அந்தக் காரணம் அண்டார்க்டிகாவின் வடிவத்தில் இருக்கிறது. சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் கண்டத்தின் 98 விழுக்காட்டைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. அதன் சராசரித் தடிமன் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இதனால் கண்டங்கள் எல்லாவற்றிலும் சராசரி உயரம் மிகுந்தது இதுவே ஆகிறது. தென் துருவம் 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கு அண்டார்க்டிகாவின் உச்சியான ஆர்கஸ் மேடு 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கிருந்து கரையை நோக்கி நிலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லச் சரிந்து, கடைசி நூறு கிலோமீட்டர் அளவில் திடீரெனச் சரிவு மிகுகிறது.

இந்த மேட்டின்மேல் விழும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேலானதைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. குளிர்காலத்திலோ பல மாதங்களுக்குச் சூரியனே எழுவதில்லை. மேகமும் ஈரமும் குறைந்த வானத்தின் கீழ், பனிப்பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் உடன் குளிர்கிறது. மேலே செல்லச் செல்லக் குளிரும் என்ற வழக்கமான ஒழுங்கு இங்கே தலைகீழாகிறது: தரையை ஒட்டிய காற்று, சில நூறு மீட்டர் மேலிருக்கும் காற்றைவிட 20 பாகைக்கும் மேல் குளிர்ந்திருப்பது குளிர்காலத்தில் இயல்பு. 3,488 மீட்டர் உயரத்திலுள்ள ரஷ்ய நிலையமான வோஸ்டோக்கில் 1983 ஜூலை 21 அன்று பதிவான கழித்தல் 89.2 பாகை செல்சியஸ் இத்தகைய நிலையில்தான் உருவானது.

குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. சமவெளியாக இருந்தால் அது அப்படியே தேங்கிக் கிடக்கும். சரிவு இருப்பதால் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. வேறிடங்களில் காற்று வீசுவதற்கு இரண்டு பகுதிகளின் அழுத்த வேறுபாட்டையே முதற்காரணமாகச் சொல்கிறோம். இங்கே எடைதான் முதன்மை. இதைக் கேட்டபாட்டிக் காற்று என்பார்கள், சரிவுக்காற்று என்றும் சொல்லலாம். கண்டத்தின் உட்பகுதியில் சரிவு குறைவாக இருப்பதால் அது மிதமாக, ஆனால் வியக்கத்தக்க விடாப்பிடியுடன் ஒரே திசையில் வீசுகிறது. புவிச் சுழற்சி அதை இடப்பக்கம் திருப்புவதால் நேராகக் கீழிறங்காமல் சாய்வாக இறங்குகிறது. மலைச்சாரலில் ஓடைகள் கூடி ஆறாவதைப் போல, பெரும் பரப்பிலிருந்து வடிந்த காற்று பனிமேட்டின் தாழ்வுகளில் ஒன்றுகூடிச் சில குறிப்பிட்ட வாய்கள் வழியே கடலைச் சேர்கிறது. டெனிசன் முனை அப்படிப்பட்ட ஒரு வாயில் அமைந்திருக்கிறது. கரையோரமாகச் சிறிது தொலைவு தள்ளிக் குடில் போட்டிருந்தால் மாசனின் ஆட்கள் பாதி வேகத்தையும் சந்தித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இறங்கும் காற்று அழுத்தப்படுவதால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. சூடேறினால் அடர்த்தி குறைந்து இறக்கம் நின்றுவிடாதா என்று கேட்கலாம். கரையை நெருங்கிய பின்னும் அது தன்னைச் சூழ்ந்த கடல்சார் காற்றைவிடக் குளிர்ந்தே இருப்பதால் நிற்பதில்லை. சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதமும் வீழ்கிறது. மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் இதன் விளைவைப் பார்க்கலாம். பனியாறுகள் உள்ளே வழிந்துவிடாதபடி மலைத்தொடர் தடுத்திருக்க, மலையைக் கடந்து இறங்கும் வறண்ட காற்று, விழும் சொற்பப் பனியையும் உருகவிடாமல் நேரே ஆவியாக்கிவிடுகிறது. வழிதவறி உள்ளே வந்த சீல்களின் உடல்கள் அங்கே அழுகாமல் காய்ந்து கிடக்கின்றன.

சரிவுக்காற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; ஆனால் அதன் முதன்மையான வேலை கடலில்தான் தொடங்குகிறது. கடல்நீர் உப்பாக இருப்பதால் கழித்தல் 1.9 பாகை அளவில் உறைகிறது. அதன்மேல் ஒரு மீட்டர் பனிக்கட்டி படிந்துவிட்டால் அதுவே போர்வையாகி, நீரிலிருந்து வெப்பம் வெளியேறுவதை வெகுவாகக் குறைத்துவிடும். மேற்கொண்டு உறைவதும் தளரும். சரிவுக்காற்று இந்தப் போர்வை தடிக்க விடுவதில்லை. கழித்தல் 20, 30 பாகைக் குளிருடன் வந்து நீரை உறையவைத்து, உறைந்ததை உடனே கடலுக்குள் தள்ளி, மீண்டும் புதிய நீரைத் திறந்துவிடுகிறது. கடற்பனிக்கு நடுவே இப்படித் திறந்திருக்கும் நீர்ப்பரப்புக்குப் பொலின்யா என்று பெயர். டெர்ரா நோவா விரிகுடா, கடல்மேல் மிதக்கும் ராஸ் பனித்தட்டின் முகப்பு, மெர்ட்ஸ் பனியாற்றின் அருகு, டார்ன்லி முனை ஆகிய இடங்களில் ஆண்டுதோறும் பொலின்யாக்கள் தோன்றுகின்றன. பரப்பில் சிறியவையானாலும் கரையோரக் கடற்பனியில் பெரும்பங்கு இவற்றில்தான் உருவாகிறது.

நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டிக்குள் சேராமல் உவர்நீராகக் கீழே கசிகிறது. ஓயாமல் உறைதல் நடக்கும் பொலின்யாவின் அடியில் இவ்வாறு மிகக் குளிர்ந்த, மிக உவர்ப்பான, கனமான நீர் திரண்டு, கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டத் திட்டின் விளிம்பைத் தாண்டி ஆழத்துக்குச் சரிகிறது. மேட்டில் காற்றுக்கு நடந்ததே இப்போது நீருக்கும் நடக்கிறது. இந்த அண்டார்க்டிக அடிநீர், உலகப் பெருங்கடல்களின் தரையை ஒட்டி வடக்கே பரவி, ஆழத்துக்கு ஆக்சிஜனைக் கொண்டு செல்கிறது. வெடெல் கடல், ராஸ் கடல், அடேலி கரை ஆகிய மூன்றுமே இதன் ஊற்றுகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நான்காவதாக டார்ன்லி முனைப் பொலின்யா 2013இல் உறுதிசெய்யப்பட்டது. இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் அமைந்துள்ள பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே இருப்பது இதுதான்.

உயிர்களுக்கும் இந்தத் திறந்த நீர் அடிப்படை. வசந்தம் பிறந்ததும், பனி மூடிய கடலில் ஒளி நுழையும் முன்பே பொலின்யாவில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைக் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர்களும், கிரிலை மீன்களும் பென்குயின்களும் உண்கின்றன. அடேலி பென்குயின்களின் குடியிருப்புகள் பல, பொலின்யாக்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன. குஞ்சுகளுக்கு இரை கொண்டுவர வேண்டிய கோடைக்காலத்தில் கடல் அருகில் இருக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம். எம்பரர் பென்குயின் வேறு விதமாக வாழ்கிறது. கரையோடு ஒட்டி உறைந்த நிலைப்பனியின்மேல் நடுக்குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. ஆண் பறவை ஏறத்தாழ 65 நாட்கள் முட்டையைக் கால்களின்மேல் வைத்து அடைகாத்து, மொத்தத்தில் நூறு நாளுக்கும் மேல் உண்ணாமல் நிற்கிறது. இதற்குக் கீழே உறுதியான பனியும் வேண்டும், இரை தேடி அலையும் பெண் பறவைக்குத் திறந்த நீரும் வேண்டும். நிலைப்பனி முன்கூட்டியே உடைந்தால், நீர்புகா இறகு முளைக்காத குஞ்சுகள் மூழ்கிவிடும். 2022இல் பெலிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அதுவே நடந்தது.

காற்று மட்டும் போதாது என்பதைக் காமன்வெல்த் விரிகுடாவுக்குக் கிழக்கிலுள்ள மெர்ட்ஸ் பனியாறு காட்டியது. அதன் முனை நாக்குப் போலக் கடலுக்குள் நீண்டு, கிழக்கிலிருந்து மிதந்து வரும் கடற்பனியை மறித்து நின்றது. அந்த மறைவில்தான் சரிவுக்காற்றால் பொலின்யாவைத் திறந்து வைத்திருக்க முடிந்தது. 2010 பிப்ரவரியில், 1987இல் ராஸ் பனித்தட்டிலிருந்து பிரிந்த பழைய பனிப்பாறையின் ஒரு துண்டு வந்து மோத, 78 கிலோமீட்டர் நீளமுள்ள நாக்கு முறிந்து மிதந்து போனது. காற்று முன்போலவே வீசியது. ஆனால் மோதிய துண்டு காமன்வெல்த் விரிகுடாவில் தரைதட்டி நின்றதால் அங்கே நிலைப்பனி நிரம்பியது; பொலின்யா சுருங்கி, கனநீர் உற்பத்தியும் குறைந்தது. டெனிசன் முனையின் அடேலி பென்குயின்கள் கடலை அடையப் பல பத்துக் கிலோமீட்டர் நடக்க வேண்டியதாகி, அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. மாசனின் பயணத்தை நினைவுகூர்ந்து 2013 டிசம்பரில் வந்த அகதெமிக் ஷோகால்ஸ்கி கப்பல் பனியில் சிக்கி, பயணிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். துயுமோன் துர்வீல் அருகே அப்போது ஏறத்தாழ 20,000 இணைகள் கொண்டிருந்த அடேலி குடியிருப்பில் 2013-14 பருவத்தில் ஒரு குஞ்சுகூடத் தப்பவில்லை. 2016-17இல் தப்பியவை இரண்டு. கடற்பனி வெகுதூரம் பரந்து கிடந்ததோடு, இறகு முளைக்காத குஞ்சுகளை மழை நனைத்ததும் முதல் முறை இழப்பைப் பெரிதாக்கியது. மெர்ட்ஸ் பனியாறு ஆண்டுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் கடலுக்குள் நகர்கிறது. இழந்த நாக்கு அதே நீளத்துக்கு மீண்டும் வளர எழுபது, எண்பது ஆண்டுகள் ஆகும்.