ஸ்டீயரிங் வீலைக் கழற்றும்போது கைக்கு முன்னால் இருப்பது என்ன?

ஸ்டீயரிங் வீலைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலான கார்களில் ஒரே ஒரு நட்தான். 17, 19 அல்லது 21 மி.மீ. சாக்கெட் போட்டால் கழன்றுவிடும். தோல் உரிந்த வீலை மாற்றவும், ஒலிக்காத ஹார்னைப் பார்க்கவும், இண்டிகேட்டர் சுவிட்சைக் கழற்றவும் இந்த நட்டைத் தொட்டாக வேண்டும். ஆனால் நட்டை எட்டுவதற்கு முன்பே, வாயு உண்டாக்கும் வேதிப்பொருள் அடைத்த ஏர்பேக் குறுக்கே நிற்கிறது. நட்டுக்குப் பின்னால், மெல்லிய செம்பு நாடா ஒன்று சுருண்டு கிடக்கிறது. முன்னது ஆளைக் காயப்படுத்தும். பின்னது சத்தமில்லாமல் அறுந்து, விபத்து நேரத்தில் ஏர்பேக்கை விரியவிடாமல் செய்துவிடும். இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

ஏர்பேக்கை விரியவைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

ஏர்பேக்கின் உள்ளே, தீப்பற்ற வைக்கும் சிறு குப்பி ஒன்று இருக்கிறது. அதற்குள் மெல்லிய மின்கம்பி. அதன் மின்தடை சுமார் 2 ஓம். மோதலை உணர்ந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கம்பி வழியே மின்சாரம் அனுப்புகிறது. கம்பி சூடாகி, சுற்றியுள்ள மருந்து பற்றி, அடுத்த கட்ட வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாறுகிறது. பழைய கார்களில் அந்தப் பொருள் சோடியம் அசைடு. பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் குவானிடின் நைட்ரேட். ஏறத்தாழ 30 மில்லி விநாடியில் பை விரிந்துவிடும். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதைத் தொடங்கி வைக்கத் தேவையான மின்சாரம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது: 1.2 ஆம்பியர் அளவு, 2 மில்லி விநாடி நேரம். கணக்குப் போட்டால் 6 மில்லி ஜூலுக்கும் குறைவு. ஒரு கிராம் எடையை 60 செ.மீ. உயரத்துக்குத் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல்தான் அது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஏர்பேக்கைச் சோதிக்கக் கூடாது, டெஸ்ட் லேம்ப்பை அதன் வயரில் வைக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மீட்டரும் தன் பங்குக்கு மின்சாரம் அனுப்பித்தான் தடையை அளக்கிறது.

பேட்டரியைக் கழற்றிய உடனே வேலையைத் தொடங்கக் கூடாது. மோதலில் பேட்டரியே நசுங்கி, வயர் அறுந்து போகலாம் என்பதால், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பேட்டரி இல்லாமலே ஏர்பேக்கை விரியவைக்கும் அளவுக்கு அதில் மின்னூட்டம் இருக்கும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகு அது மெல்ல வடியும். கார் நிறுவனங்களின் பழுதுநூல்களில் ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம். சிலவற்றில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். உங்கள் காருக்குரிய எண் கையில் இல்லையென்றால் பத்து நிமிடம் பொறுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு அந்த மின்னூட்டத்தை வடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மின்தேக்கியிலிருந்து மின்சாரம் மற்ற இணைப்புகளுக்குத் திரும்பி வராதபடி இடையில் டயோடு இருப்பதால் அது பலிக்காது.

கழற்றிய கேபிள் தானாக வளைந்து மீண்டும் டெர்மினலைத் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களிலும் ஏர்பேக்கை இயக்குவது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். கழற்ற வேண்டியது அதைத்தான்; உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடாதீர்கள். பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி மின்சாரத்தால் மட்டுமே திறக்கும் கார் என்றால், கழற்றிய பிறகு டிக்கியை மூடிவிடாதீர்கள்.

ஏர்பேக்கை வெளியே எடுப்பது

பேட்டரியைத் தொடுவதற்கு முன்பே முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, வீலையும் நேராக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வேலை முழுவதும் இந்த நேர்நிலையை நம்பித்தான் இருக்கிறது.

ஏர்பேக்கைப் பிடித்திருக்கும் விதம் காருக்குக் கார் மாறும். சிலவற்றில் வீலின் பக்கவாட்டில் சிறு மூடிகள் இருக்கும். அவற்றை நெம்பினால் உள்ளே நட்சத்திரத் தலை ஸ்க்ரூ தெரியும். அதற்குப் பெரும்பாலும் டி30 பிட் சரியாக இருக்கும். வேறு சிலவற்றில் ஸ்க்ரூவே கிடையாது. வீலின் பின்புறத் துளை வழியே மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளிருக்கும் ஸ்பிரிங் கம்பியைத் தள்ள வேண்டும். 'டக்' என்ற சத்தத்தோடு ஒரு பக்கம் விடுபடும். அந்தத் துளைகளை எட்ட வீலை 90 பாகை திருப்ப வேண்டியிருக்கலாம்; அதனால் ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியை இக்னிஷனிலேயே வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வீலை மறுபடி நேராக்கிவிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் முகத்தையும் மார்பையும் வீலுக்கு நேர் எதிரே கொண்டுவராமல், பக்கவாட்டில் இருந்தபடி கையை மட்டும் நீட்டுங்கள்.

பை விடுபட்டதும் இழுக்காதீர்கள். பின்னால் மஞ்சள் நிறக் கனெக்டர் மாட்டியிருக்கும். ஏர்பேக் வயரிங்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே மஞ்சள் நிறம். கனெக்டரின் நடுவில் ஒரு சிறு பூட்டு இருக்கும்; அதை முதலில் மேலே தூக்கிவிட்டுத்தான் கனெக்டரை உருவ வேண்டும். உருவியதும் உள்ளே ஒரு சிறு உலோகத் தகடு சரிந்து வந்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் தவறிப்போய் ஏர்பேக்குக்குள் பாய்ந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. கனெக்டரைக் குச்சியாலோ ஊசியாலோ குத்திப் பார்த்தால் அந்தத் தகடு வளைந்து பாதுகாப்பு போய்விடும்.

எடுத்த ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடிப் பக்கம் உடம்புக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். கீழே வைக்கும்போது மூடி மேலே பார்க்க வேண்டும். குப்புறக் கவிழ்த்து வைத்த ஏர்பேக் தற்செயலாக விரிந்தால், தரையை உதைத்துக்கொண்டு அந்த உலோகப் பெட்டியே மேலே பாயும். மூடி மேலே இருந்தால் பை மட்டுமே மேல்நோக்கி விரியும். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்க வேண்டாம். அதன் மேல் எந்தப் பொருளையும் அடுக்கவும் வேண்டாம்.

நட்டும் புல்லரும்

வீலின் நடுவே இப்போது நட் தெரியும். ஹார்ன், ஆடியோ பொத்தான்களின் கனெக்டர்களைக் கழற்றுங்கள். நட்டை முழுவதும் கழற்றும் முன், தண்டின் முனையிலும் வீலின் மையத்திலும் சேர்ந்தாற்போல் பெயிண்ட்டாலோ மார்க்கராலோ ஒரு கோடு போடுங்கள். தண்டில் பற்கள் வெட்டியிருக்கும். 36 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலே வீல் 10 பாகை கோணலாக நிற்கும்.

நட்டைத் திருப்பும்போது வீலை ஸ்டீயரிங் லாக்கின் மேல் சாய்க்காதீர்கள். திருட்டைத் தடுக்கச் செய்த சிறு ஊசி அது. நீண்ட கம்பி போட்டுத் திருகினால் வளைந்துவிடும். ஒருவர் வீலை இரு கைகளாலும் இறுகப் பிடிக்க, இன்னொருவர் நட்டைத் திருப்புவதே நல்லது. நட் தளர்ந்ததும் அப்படியே எடுத்துவிடாமல் மூன்று நான்கு மரை பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். வீல் சட்டென்று விடுபட்டால், இழுத்த வேகத்தில் நேரே முகத்தில் வந்து அடிக்கும். பல் உடைந்த கதைகள் மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும்.

சில வீல்கள் இருபுறமும் பிடித்து மாறி மாறி அசைத்தாலே வந்துவிடும். வராவிட்டால், வீலை இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவி தேவை. பல வீல்களின் மையத்தில் புல்லருக்கென்றே மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். 6 அல்லது 8 மி.மீ. போல்ட் அதில் ஏறும். போல்ட்டை ஐந்து சுற்றுக்கு மேல் இறக்காதீர்கள். வீலைத் தாண்டி மறுபுறம் நீண்டால், அங்கே இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கின், அதாவது செம்பு நாடாச் சுருளின், பிளாஸ்டிக் கூட்டைத் துளைத்துவிடும். புல்லரின் நடுத்திருகு தண்டின் முனையை அழுத்த அழுத்த, வீல் மெதுவாக மேலே எழும்பும்.

சுத்தியல் மட்டும் வேண்டாம். மோதும்போது ஓட்டுநரின் மார்பைக் குத்தாமல் உள்வாங்கிக்கொள்ளும்படிதான் ஸ்டீயரிங் தண்டைச் செய்திருக்கிறார்கள். சில வடிவமைப்புகளில் அதன் இரண்டு குழாய்களைப் பிடித்திருப்பவை அழுத்தத்தில் உடையும் பிளாஸ்டிக் ஊசிகளே. தண்டின் தலையில் நாலு அடி போட்டால் அந்த ஊசிகள் உடைந்து, தண்டு ஆடத் தொடங்கும். மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உள்ள பல கார்களில் வீலைத் திருப்பும் விசையை அளக்கும் நுட்பமான டார்க் சென்சரும் அதே தண்டில்தான் இருக்கிறது.

செம்பு நாடாவின் நடுநிலை

ஏர்பேக் வராத காலத்தில், ஹார்னுக்கு வீலின் அடியில் ஒரு பித்தளை வளையமும் அதன்மேல் உரசிச் செல்லும் முனையும் போதும். உரசும் இணைப்பில் தூசியும் துருவும் சேர்ந்து மின்தடை ஏறி இறங்கும். ஹார்னுக்கு அது பொருட்டல்ல. ஆனால் 2 ஓம் தடையை எந்நேரமும் கண்காணிக்கும் ஏர்பேக் பெட்டிக்கு அந்த ஏற்ற இறக்கம் பெரிய பிழை. அதனால்தான் உரசலே இல்லாத கிளாக் ஸ்பிரிங் வந்தது. தட்டையான செம்பு நாடா, கடிகாரச் சுருள்போல் ஒரு வட்டக் கூட்டுக்குள் தளர்வாகச் சுற்றியிருக்கும். வீலை ஒரு பக்கம் திருப்பினால் நாடா இறுகும். மறுபக்கம் திருப்பினால் விரியும். இணைப்பு அறுபடுவதே இல்லை.

நாடாவின் நீளத்துக்கு எல்லை உண்டு. பல கார்களில் அது மொத்தம் ஐந்து சுற்று வரை இடம் கொடுக்கும். வீலை எடுத்த பிறகு அந்தக் கூட்டைத் தற்செயலாக ஒரு சுற்று திருப்பிவிட்டால், வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. எல்லாம் சரியாகவே வேலை செய்யும். ஒருநாள் பார்க்கிங்கில் வீலைக் கடைசிவரை ஒடிக்கும்போது நாடா இழுபட்டு அறும், அல்லது மடங்கிக்கொள்ளும். ஹார்ன் நிற்கும், ஏர்பேக் விளக்கு எரியும். வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே வீல் வெளியே வந்த உடனே கிளாக் ஸ்பிரிங் சுழலாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். டேப் ஒட்டும் முன்பே சுற்றிவிட்டது என்றால், அல்லது புதிதாக மாற்றுகிறீர்கள் என்றால், விரல் நுனியால் கடிகார முள் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். லேசாகத் தடுக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்குமேல் அழுத்தக் கூடாது. அங்கிருந்து எதிர்த்திசையில் மறு எல்லைவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் இரண்டரைச் சுற்று திரும்பி வந்தால் அதுவே நடுநிலை. கூட்டின் மேலுள்ள அம்புக்குறிகள் அப்போது நேருக்கு நேர் வந்து நிற்கும். முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது மட்டுமே இந்த நடுநிலைக்குப் பொருள் உண்டு.

திரும்பப் பொருத்துவது

புதிய வீலின் பற்கள் தண்டின் பற்களோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கிளாக் ஸ்பிரிங்கின் நீட்டு முனையும் இண்டிகேட்டரைத் தானாக நிறுத்தும் முனையும் வீலின் பின்புறக் குழிகளில் உட்கார வேண்டும். வயர்களைத் துளை வழியே முன்னால் எடுத்து, நீங்கள் போட்ட கோட்டைக் கோட்டோடு சேர்த்து வீலை இறக்குங்கள். அது கையாலேயே முழுதாக உட்கார வேண்டும். நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைப்பது தவறு.

நட்டின் இறுக்கம் பல கார்களில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் காரின் பழுதுநூலில் இருக்கும் எண்ணே இறுதி. 50 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இதைக் கையால் ஊகிக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். நட்டுக்குப் பதில் போல்ட் உள்ள கார்களில் சில நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் புதிய போல்ட் போடச் சொல்கின்றன.

பிறகு மஞ்சள் கனெக்டரை அழுத்தி, அதன் பூட்டையும் அழுத்தி, ஏர்பேக்கைப் பொருத்துங்கள். பழைய ஏர்பேக்கை மலிவாக வாங்கிப் போடுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. டகாட்டா தயாரித்த ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால்தான் உலகெங்கும் கோடிக்கணக்கில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். ஏர்பேக் இல்லாத பந்தய வீலை மாற்றுவதும் வெறும் அழகுச் சமாச்சாரம் அல்ல. ஏர்பேக் விரிந்து தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் மோதலின்போது சீட் பெல்ட் சற்றுத் தளரும்படி செய்திருக்கிறார்கள். ஏர்பேக் இல்லாவிட்டால் அந்தத் தளர்வில் தலை வீலில் மோதும்.

பேட்டரியை இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்க வேண்டாம். கதவுக்கு வெளியே நின்று, வீலுக்கு முன்னால் உடம்பு வராதபடி இக்னிஷனைப் போடுங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், அணையாமல் நின்றாலும் இணைப்பில் கோளாறு இருக்கிறது. மறுபடி பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, மஞ்சள் கனெக்டரின் பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்துவிட்டால் ஹார்னை அழுத்தி, இண்டிகேட்டரைப் போட்டு, வீலை இரு பக்கமும் கடைசிவரை மெதுவாக ஒருமுறை ஒடித்துப் பாருங்கள். எங்கேயும் உரசும் சத்தம் கேட்கக் கூடாது. இஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங் கோண சென்சர் தன் பூஜ்யத்தை மறந்திருக்கிறது. சில கார்களில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினாலே அது சரியாகிவிடும். மற்றவற்றில் ஸ்கேனர் வைத்துத்தான் பதிய வேண்டும்.

கடைசியாக, சமதளச் சாலையில் நேராக ஓட்டுங்கள். வீல் பத்துப் பாகை அளவுக்குக் கோணலாக நின்றால் ஒரு பல் தவறியிருக்கிறது, கழற்றித் திருத்தலாம். இரண்டு மூன்று பாகை மட்டுமே விலகி நின்றால் தவறு தண்டில் இல்லை, அலைன்மென்ட்டில், அதாவது சக்கரங்களின் கோண அமைப்பில் இருக்கிறது. முன்சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடைத் திருப்பித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்காக வீலை மறுபடி கழற்றிப் பயனில்லை.