பேச்சு நின்றால் ஃபார்மட் போடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கமிருந்து இந்த வாரமும் ஒரு மடிக்கணினி வந்தது. பார்வையற்ற கல்லூரி மாணவருடையது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் நிரலான என்விடிஏ பேசவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறது. கடையில் ஃபார்மட் போட்டு, மூன்று வருடக் குறிப்புகளை அழித்து, என்விடிஏ இல்லாமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக என்ன அழுத்தினீர்கள் என்று கேட்டால், "சேவ் பண்ண கண்ட்ரோல் எஸ் அடிச்சேன் சார், கை கண்ட்ரோலுக்குப் பதிலா கேப்ஸ் லாக்குல பட்டுதோ என்னமோ" என்கிறார். பட்டிருக்கும். அவ்வளவுதான் கோளாறு.

இன்சர்ட்டோ கேப்ஸ் லாக்கோ, எதை என்விடிஏ விசையாக வைத்திருக்கிறீர்களோ அதோடு எஸ் சேர்ந்தால் பேச்சு முறை மாறும். ஒரு முறையில் பேசும், ஒன்றில் பீப் மட்டும் அடிக்கும், ஒன்றில் வாயை மூடிக்கொள்ளும். 2024.1 பதிப்பிலிருந்து, கேட்டால் மட்டும் பேசும் முறையும் சேர்ந்திருக்கிறது. அதில் மாட்டியவர்களுக்குப் பாதி பேசுகிறது, பாதி பேசவில்லை என்று தோன்றும். அதே இரண்டு விசையை ஒரு தடவை அழுத்துங்கள், இரண்டு விநாடி பொறுங்கள், மறுபடி அழுத்துங்கள். நான்கு தடவைக்குள் குரல் திரும்பிவிடும்.

திரும்பவில்லையா? விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வரும் நரேட்டர் பேசினால் ஸ்பீக்கரில் குறையில்லை. நரேட்டரும் ஊமையென்றால், ஒலி புளூடூத் ஹெட்செட்டுக்கோ எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கோ போயிருக்கலாம், ஒலியை இயக்கும் நிரலான ஆடியோ டிரைவரும் கெட்டிருக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். விண்டோஸ் அப்டேட் பாதியில் அறுந்த கணினிகளில் டிரைவர் கோளாறு சகஜம். சோதித்த பின் அதே மூன்று விசையால் நரேட்டரை அணையுங்கள். இரண்டு வாசிப்பான் ஒன்றாக ஓடினால் இரண்டு மாமியார் ஒரே நேரத்தில் பேசுவது போலத்தான்.

இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போட்டுட்டேன் சார், அப்பவும் அதே பிரச்சினை." அதேதான் வரும், ஐயா! நிரலை நீக்கினால் நிரல்தான் போகும். உங்கள் அமைப்புகள், குரல் தேர்வு, கூடுதல் வசதிக்காகச் சேர்த்த குட்டி நிரல்களான ஆட்ஆன்கள் எல்லாம் உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ரோமிங் கோப்புறைக்குள் என்விடிஏ என்ற பெயரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். புதிதாகப் போட்ட நிரல் நேரே போய் அந்தக் கெட்ட அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். பத்துத் தடவை போட்டாலும் பத்துத் தடவையும் அதே. போதாததற்கு, நீக்கியதும் கணினி முழு ஊமை. பார்வையில்லாதவர் அடுத்த அடி எப்படி வைப்பார்?

ஆகவே நீக்காதீர்கள், மேலேயே போடுங்கள். புது நிறுவல் கோப்பைத் திறந்தால் சின்ன இசை ஒலிக்கும், தற்காலிகப் பிரதி ஒன்று தானே பேச ஆரம்பிக்கும். பழையது இருக்கும்போதே அதன் மேல் நிறுவிக்கொள்ளும். அதற்கும் முன்னால் ஆட்ஆனைச் சந்தேகியுங்கள். ஆண்டின் முதல் பதிப்பு வரும்போதெல்லாம் பழைய ஆட்ஆன்கள் ஒத்துவராமல் போகும். இன்சர்ட் கியூ அழுத்தி, கீழ் அம்பை இரண்டு தடவை தட்டி, என்டர். ஆட்ஆன்கள் இல்லாமல் மீண்டும் தொடங்கும். அப்போது ஒழுங்காகப் பேசினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. அமைப்பே கெட்டிருந்தால் இன்சர்ட், கண்ட்ரோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர் விசையை வேகமாக மூன்று தட்டு தட்டுங்கள். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும், குரல் உட்பட நீங்கள் மாற்றி வைத்திருந்ததை எல்லாம் மறுபடி அமைக்க வேண்டும்.

பேச்சு இருக்கிறது, ஆனால் பிரவுசரில் எங்கே போனாலும் 'அன்நோன்' என்கிறதா? பிடிஎஃப் ரீடர் மாதிரி ஏதாவதொரு நிரலை யாரோ நீக்கியபோது நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் விண்டோஸின் காம் பதிவுகளும் சேர்ந்து போயிருக்கும். என்விடிஏ மெனுவில் கருவிகளுக்குள் காம் பதிவைச் சரிசெய்யும் கருவியே இருக்கிறது. ஓட்டுங்கள், அனுமதி கேட்டால் கொடுங்கள், கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கும்பகோணத்து டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய கோப்பைத் திறந்து, "தமிழைக் கண்டபடி வாசிக்கிறது" என்பவர்களுக்கு: அது வாசிப்பானின் பிழையல்ல. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அதைத்தான் அது வாசிக்கிறது. யூனிகோடில் அடித்துக் கேளுங்கள்.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் விண்டோஸ் 7-இல் ஓடுகின்றன. அவற்றுக்கு 2023.3.4 தான் கடைசிப் பதிப்பு. புதியதை ஏற்ற மல்லுக்கட்டாதீர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய வாசிப்பானான ஜாஸைத் திருட்டுத்தனமாகப் போட்டுக் கொடுப்பவர்களையும் வீட்டுக்குள் விடாதீர்கள். உரிமம் இல்லாத ஜாஸ் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி ஓடும். அதையும் 'ரிப்பேர்' என்று கொண்டுவருகிறார்கள்.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். என்விடிஏவின் கருவிகள் மெனுவில், நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பிரதி ஒன்றை உருவாக்கி ஒரு பென்டிரைவில் போட்டு, மேசை இழுப்பறையில் வையுங்கள். நிறுவிய பிரதி விழுந்தாலும் அது பேசும்.

கடைக்காரத் தம்பிகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொணதொணவென்று பேசுகிறதே என்று என்விடிஏவை நிறுத்தாதீர்கள், லாகின் ஆனதும் அது தொடங்கும் டிக்கை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் கண்ட்ரோல் ஆல்ட் என் அழுத்தி என்விடிஏவைத் தொடங்கி, திரையை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் காசு வாங்குங்கள்.