மழைநீர் பைக்குக்குள் தங்கும் இடங்கள்

ஆசியக் கண்டத்தின் வடக்கே குளிர் இறுகும்போது, அங்கிருந்து கிளம்பும் வறண்ட காற்று தென்சீனக் கடலைக் கடந்து தெற்கே இறங்குகிறது. வரும் வழியெல்லாம் வெதுவெதுப்பான கடற்பரப்பிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்வதால், சிங்கப்பூரை எட்டும்போது அது மழையாகிவிடுகிறது. ஐப்பசி அடைமழை என்று தமிழகத்தில் பேர்பெற்ற வடகிழக்குப் பருவக்காற்று நம் தீவில் தன் வலுவைக் காட்டுவது மார்கழியில்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சில வாரங்கள் வெயிலையே பார்க்காமல் கழிவதும், இரண்டு மூன்று நாள்கள் விட்டுவிட்டு மழை பெய்வதும் நமக்குப் பழகிய காட்சிகள்.

பனி விழும் நாடுகளில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, வசந்தம் வரும்வரை பொழுதைக் கழிப்பார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. விடிகாலையில் பாலம் கடந்து ஜோகூரிலிருந்து வேலைக்கு வருபவருக்கும், உணவு விநியோகம் செய்பவருக்கும், ஈசூனிலிருந்து ஜூரோங்கிற்குப் பணிமாற்ற நேரத்திற்குள் போய்ச்சேர வேண்டியவருக்கும் மழை நாளும் வேலை நாளே. ஆகவே நம்முடைய குளிர்காலப் பராமரிப்பு, மழைக்கும் மழைக்கும் இடையில் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடக்கவேண்டியிருக்கிறது. நேரம் குறைவு என்பதால், நீர் வண்டியில் எங்கே போய்த் தங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வேலை செய்வது நல்லது. பெட்ரோல் தொட்டியின் மேல் வழிந்தோடும் மழைநீர் வண்டிக்கு ஒரு கேடும் செய்வதில்லை. அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் உலராமல் நின்றுவிடும் நீர்தான் உலோகத்தை அரிக்கிறது.

அவ்வாறு நீர் தங்கும் இடங்களில் முதன்மையானது செயின். இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் செயினின் வடிவத்திற்கு 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட் என்ற பொறியாளர். வெளியிலிருந்து பார்க்கும்போது தகடுகளின் வரிசையாக மட்டுமே தெரியும் இந்தச் செயினின் உயிர் அதன் உள்ளே இருக்கிறது. இரண்டு வெளித் தகடுகளை இணைக்கும் எஃகு ஆணி, உள் தகடுகளோடு இறுக்கிப் பொருத்தப்பட்ட புஷ் எனப்படும் சிறு குழாயின் நடுவே நுழைந்து போகிறது. அந்தப் புஷ்ஷைச் சுற்றி ஓர் உருளை தளர்வாகச் சுழல்கிறது. செயின் பல்சக்கரத்தின் மேல் வளையும்போது உண்மையில் வளைவது தகடுகள் அல்ல. ஒவ்வோர் ஆணியும் தன் புஷ்ஷுக்குள் சில பாகை திரும்புகிறது, அவ்வளவே.

அந்தத் திருப்பம் எத்தனை முறை நிகழ்கிறது என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 132 கண்ணிகள் கொண்ட செயினும் 42 பற்கள் கொண்ட பின்சக்கரப் பல்சக்கரமும் உள்ள ஒரு சிறிய பைக் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, செயின் முழுவதும் நொடிக்கு மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணி முன் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, பின்னதில் அதேபோல் இருமுறை என்று நான்கு தடவை மடங்கி நிமிர்கிறது. ஆக, ஒவ்வோர் ஆணியும் நொடிக்கு ஏறத்தாழ 11 முறை, அவற்றுள் பாதியில் இயந்திரத்தின் இழுவிசை முழுவதையும் தாங்கிக்கொண்டே, தன் புஷ்ஷை உரசுகிறது. இந்த உரசலுக்கு இடையில் நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று மட்டுமே. மழைநீர் அந்த இடுக்குக்குள் புகுந்து எண்ணெயை வெளியே தள்ளிவிட்டால், எஃகு நேரடியாக எஃகைத் தேய்க்கத் தொடங்குகிறது. தேய்ந்த புதுப்பரப்பு உடனே துருப்பிடிக்கிறது. அந்தத் துருத்தூள் கடினமானதாகையால் அதுவே அரைக்கும் பொடியாகி மேலும் தேய்க்கிறது.

ஒரு மழை வாரத்திற்குப் பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, இயந்திரத்தை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல கண்ணிகள் பல்சக்கரத்தை விட்டு வெளியே வந்ததும் நேராகிவிடும். நீர் புகுந்த கண்ணி மட்டும் மடங்கிய முழங்கால்போல் வளைந்தபடியே வரும். விரலால் அழுத்தினால் கரகரவென்று முரண்டு பிடித்துத்தான் நிமிரும். அதன் ஆணித் தலையைச் சுற்றி, தகடுகள் சேரும் விளிம்பில், குங்குமத்தைவிடச் சற்று மங்கிய செம்பழுப்பு நிறத்தில் மென்பொடி கசிந்திருப்பதையும் காணலாம். அந்தப் பொடியைத் துடைத்துவிடுவதால் பயனில்லை. அது உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும் ஆணியின் பொடி.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று பட்டறைகளில் சொல்வதற்கு உண்மையான பொருள் இதுதான். தகடு எதுவும் ரப்பரைப்போல் இழுபடவில்லை. சிறு பைக்குகளில் பரவலாக உள்ள 428 அளவுச் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். சராசரியாகக் கண்ணிக்கு ஒரு தாளின் தடிமன் அளவுக்குத் தேய்ந்தாலே, 132 கண்ணிகளில் செயினின் நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். இதை நீங்களே அளந்து பார்க்கலாம்: செயினின் கீழ்ப்பகுதியை இறுக இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி இருபத்தோராவது ஆணியின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் வரும். 259 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் தேய்மானம் 2 விழுக்காடு. அதன்பிறகு உருளைகள் பற்களின் அடிவாரத்தில் உட்காராமல் மேலேறி உட்கார்ந்து, பற்களைக் கொக்கிபோல் வளைத்துவிடும். பழைய பல்சக்கரங்களின் மேல் புதுச் செயினைப் போட்டுச் சிக்கனம் பிடிப்பது, என் கருத்தில், இருமடங்கு செலவுக்கே வழி.

தொய்வைச் சரிசெய்யும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கீல் ஓரிடத்திலும் முன் பல்சக்கரத்தின் மையம் அதற்குச் சற்று முன்னாலும் இருப்பதால், சக்கரம் மேலும் கீழும் அசையும்போது செயினுக்குத் தேவைப்படும் நீளம் மாறுகிறது. முன் பல்சக்கரம், கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் கணத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். வண்டி நிற்கும்போது தொய்வே இல்லாமல் முறுக்கி வைத்தால், ஆள் ஏறி உட்கார்ந்து ஒரு மேட்டைக் கடக்கும்போது அந்த இழுவிசை முழுவதும் கியர்பெட்டியின் பேரிங்கின்மேல் விழும். கையேட்டில் சொல்லியிருக்கும் தொய்வு (பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர்) வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி.

ஓ-ரிங் உள்ள செயினில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையில் ஆலையிலேயே கிரீஸ் அடைக்கப்பட்டு, உள் தகடுக்கும் வெளித் தகடுக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்து மூடப்பட்டிருக்கும். நாம் வெளியே பூசும் எண்ணெய் அந்தக் கிரீஸைச் சென்றடைவதில்லை. உருளைகளுக்கு உராய்வைக் குறைப்பதும், தகடுகளைத் துருவிலிருந்து காப்பதும், ரப்பர் காய்ந்துபோகாமல் வைத்திருப்பதும் அதன் பணி. எனவே இத்தகைய செயினைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், பெட்ரோலில் கழுவுவதும், அழுத்த நீர்க்குழாயை மிக நெருக்கத்தில் பிடித்துப் பீய்ச்சுவதும் அந்த வளையங்களைக் கெடுத்து, மழை செய்யமுடியாத சேதத்தை நம் கையாலேயே செய்துவிடும். ஓ-ரிங் இல்லாத எளிய செயினில் நிலைமை வேறு: அங்கே எண்ணெய் தகடுகளுக்கு இடையே ஊர்ந்து உள்ளே போயாகவேண்டும். ஓட்டிவிட்டு வந்த சூட்டில் பூசினால் எண்ணெய் இளகி நுண்துளை ஈர்ப்பால் எளிதாக உள்ளே இறங்கும். செயினின் உட்புறத்தில் பூசுவது நல்லது, ஏனென்றால் சுழற்சியின் விசை அதை வெளிப்பக்கமாகத் தள்ளி இடுக்குகளை நிரப்புகிறது. பூசியபின் ஓர் இரவு விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடவேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இயந்திரத்தை ஓடவிட்டுக் கியர் போட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. துணி பல்சக்கரத்தில் சிக்கும் கணத்தில் விரலும் சேர்ந்து போகும்.

நீர் தங்கும் இரண்டாவது இடத்தை எத்தனை முறை துடைத்தாலும் உலர்த்த முடியாது. அது பிரேக் ஆயில், நம் கையின் அழுத்தத்தைப் பிரேக்குக்குக் கொண்டுசேர்க்கும் திரவம். பெயரில் ஆயில் என்று இருந்தாலும், டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகைகள் எண்ணெய்கள் அல்ல, கிளைக்கால் ஈதர் சார்ந்த திரவங்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தம்மோடு கலந்துகொள்பவை. ரப்பர் குழாய்களின் வழியாகவும் மூடியின் ஓரத்தின் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே வருகிறது. விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் இது ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஈரத்தை ஈர்ப்பது குறையாகத் தோன்றினாலும் அதில் ஒரு நன்மையும் உண்டு. ஈரத்தை ஏற்காத சிலிக்கோன் திரவத்தில் புகுந்த நீர் தனித் துளியாகத் திரண்டு, பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் அடியில் தேங்கி, அங்கேயே உலோகத்தை அரிக்கும். 100 பாகையில் கொதித்தும் விடும். கிளைக்கால் அந்த நீரைத் தன்னுள் பரப்பி வைத்துக்கொள்கிறது.

அதற்கு ஈடாக அதன் கொதிநிலை இறங்குகிறது. புத்தம்புது டாட் 4 திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபிறகு அந்த எல்லை 155 பாகைதான். நகரச் சாலையில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் கெந்திங் மலையிலிருந்து நான் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. முன் பிரேக்கின் பிடி, பாதி வழியில், ஈரப் பஞ்சை அமுக்குவதுபோல் கைப்பிடிவரை வந்து தொட்டது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தபின், எதுவுமே நடக்காததுபோல் பிடி பழையபடி இறுகிவிட்டது. அந்தத் திரவத்தை மாற்றி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நடந்தது இயற்பியல்தான். ஆளும் வண்டியுமாக 220 கிலோ எடை 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பத்திலுள்ள ஏறத்தாழ 7 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் இயந்திரத்தின் பிடிப்பும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், மீதியெல்லாம் பிரேக் வட்டிலும் அதை உரசி நிறுத்தும் பேடிலும் வெப்பமாகி, பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியே திரவத்துக்குள் ஏறுகிறது. திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நம் கையின் விசை பேடைத் தள்ளாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவழிந்துவிடுகிறது. ஆறியதும் குமிழி மீண்டும் திரவமாகிவிடுவதால், பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டும்போது எந்தக் குறையும் தென்படாது.

கைப்பிடியருகே உள்ள கிண்ணத்தின் கண்ணாடிச் சாளரத்தில் திரவம் இளமஞ்சளாகத் தெரிந்தால் நல்லது. கோப்பிக் கடைத் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்பாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. முத்திரை உடைக்காத புட்டியிலிருந்து மட்டுமே ஊற்றவேண்டும், மழை பெய்யும்போது மூடியைத் திறக்கக் கூடாது, பெயிண்டின் மேல் சிந்தினால் உடனே நீர் ஊற்றிக் கழுவவேண்டும். பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றிப் பழக்கமில்லாதவர்கள் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது இடத்தில் தங்கும் நீர் வானத்திலிருந்து வருவதே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை உண்டாக்குகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விட, சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜின் ஆயிலில் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வண்டியிலோ அது ஆயிலோடு கலந்து, ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய பாலாடைபோல் ஒட்டிக்கொள்கிறது. வாரத்தில் ஒருமுறையாவது விரைவுச்சாலையில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதே இதற்கான பராமரிப்பு. கருவி ஒன்றும் வேண்டாம்.

மின்னிணைப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் படிவத்தைத் துடைத்து, முனைகளை இறுக்கிப் பெட்ரோலியம் ஜெல்லி பூசினால், ஈரம் அங்கே ஒட்டாது. ஒரு பகல் ஓய்வெடுத்த பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றிவிடவேண்டும். குறைந்த சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் கெட்டியாகி, பிறகு கரையவே மாட்டா.

செயினைத் துடைத்த கறுத்த துணியையும் கழுவிய திரவத்தையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அடுத்தமுறை ஆயில் மாற்றப் போகும்போது பட்டறையின் கழிவெண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஓடும் சிறு வடிகாலின் நீர் மரினா போன்ற நீர்த்தேக்கம் ஒன்றுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பே அதிகம்.