வண்டி டோட்டல் லாஸ், லோன் மட்டும் அப்படியே இருக்கு: இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எப்படிப் பேசணும்

நான் மோட்டார் சர்வேயர். ஆக்சிடென்ட் ஆன வண்டியப் பாத்து, சேதம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் குடுக்குறது என் வேலை. ஒர்க்ஷாப்ல என்னப் பாத்ததும் வண்டிக்காரங்க கேக்குற முதல் கேள்வி "எவ்வளவு சார் வரும்?" லோன் வண்டியா இருந்தா நான் திருப்பிக் கேக்குறது, "லோன் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?" பாதிப் பேருக்கு அது தெரியாது, மாசாமாசம் எவ்வளவு போகுதுன்னு மட்டும்தான் தெரியும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஆர்சில ஹைப்போதிகேஷன் (கடனுக்கு ஈடு)னு பேங்க் பேரு இருக்குற வரைக்கும் டோட்டல் லாஸ் பணம், அதாவது ரிப்பேர் கட்டுப்படியாகாதுன்னு முடிவானா வர்ற பணம், நேரா உங்க கைக்கு வராது. பாலிசில ஐஎம்டி 7ன்னு ஒரு என்டோர்ஸ்மென்ட் இருக்கும், யாரும் படிக்கிறதில்ல, அதோட அர்த்தம் என்னன்னா பணம் மொதல்ல லோன் குடுத்தவங்களுக்குப் போகும், அவங்க குடுக்குற ரசீதே போதும், இன்சூரன்ஸ் கம்பெனியோட பொறுப்பு அங்க முடிஞ்சுது. பாக்கி போக மிச்சம் இருந்தா உங்களுக்கு. பாக்கி அதிகமா இருந்தா குறையுற பணத்த நீங்கதான் கட்டணும். லோன் உங்க பேருல வாங்குன கடன், வண்டி இருக்கா இல்லையாங்குறது அந்தக் கணக்குல வராது.

கொஞ்ச நாள் முன்னாடி பாத்த ஒரு கேஸ். உளுந்தூர்பேட்டை பக்கம் ராத்திரி நிறுத்தி வச்சிருந்த லாரிக்குப் பின்னாடி போய் மோதுன கார், உள்ள இருந்தவங்களுக்கு பெரிய காயம் இல்ல. வண்டி எடுத்து 27 மாசம். ஷோரூம் விலை 8 லட்சம், ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஒன்பதரை லட்சம் பக்கம் வந்திருக்கு, அதுல எட்டரை லட்சம் லோன், ஏழு வருஷத்துக்கு, ஒன்பதரை பர்சன்ட் வட்டி. இஎம்ஐ 13,900 கிட்ட. அந்தத் தம்பி சொன்னாரு, "வண்டியே இல்ல சார், இனிமே எதுக்கு இஎம்ஐ? கம்பெனி பேங்க்கு கட்டிடும்ல, நான் அக்கவுன்ட்ல இருந்த பணத்த வேற அக்கவுன்ட்டுக்கு மாத்திட்டேன்." நான் சொன்னேன், தம்பி இன்னைக்கே அந்தப் பணத்தத் திருப்பிப் போடுங்க, செட்டில்மென்ட் பேங்க்ல போய் விழுற நாள் வரைக்கும் ஒவ்வொரு இஎம்ஐயும் போயே ஆகணும், ஒண்ணு பவுன்ஸ் ஆனா பவுன்ஸ் சார்ஜ், அபராதம், சிபில்ல லேட் பேமென்ட்னு அடுத்தடுத்து வரும், அத எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் உங்களுக்குத் தராது.

அவரு கணக்க அங்கேயே உக்காந்து போட்டுப் பாத்தோம். 27 இஎம்ஐ கட்டுனப்புறமும் லோன் பாக்கி ஆறே முக்கால்... இல்ல, சரியாச் சொல்லணும்னா 6 லட்சத்து 35 ஆயிரம். பாலிசில ஐடிவி, அதாவது வண்டிக்குக் கம்பெனி ஒத்துக்கிட்ட மதிப்பு, 5 லட்சத்து 60 ஆயிரம். ஏன்னா ஐடிவி ஷோரூம் விலைல இருந்துதான் கணக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் அதுல கிடையாது. ஆறு மாசம் வரைக்கும் 5%, ஒரு வருஷம் வரைக்கும் 15%, ரெண்டு வருஷம் வரைக்கும் 20%, மூணு வருஷம் வரைக்கும் 30%, நாலுக்கு 40%, அஞ்சுக்கு 50% தேய்மானம் கழியும். லோனோ ஆரம்ப வருஷங்கள்ல வட்டியத்தான் அதிகமாத் தின்னும், அசல் மெதுவாத்தான் குறையும். கட்டாய எக்ஸஸ், அதாவது கிளெய்ம்ல நம்ம பங்கா கழியுற 1000 ரூபா, போக 5,59,000. ஆக வண்டியும் இல்லாம கைய விட்டு 76,000 ரூபா கட்டணும். அந்தத் தம்பி முகத்தப் பாக்க முடியல.

இந்த ஓட்டைய அடைக்கத்தான் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு ஆட்-ஆன் (கூடுதல் கவர்) இருக்கு. டோட்டல் லாஸ் ஆனாலோ வண்டி திருடு போனாலோ இன்வாய்ஸ் விலை வரைக்கும் கிடைக்கும், பல பாலிசில ரோடு டேக்ஸும் ரெஜிஸ்ட்ரேஷனும் கூட சேரும். புது வண்டிக்கு முதல் சில வருஷம்தான் தருவாங்க. விலைல எண்பது தொண்ணூறு பர்சன்ட் லோன் போட்டு வண்டி எடுக்குறவங்க ஜீரோ டெப் (பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) கேட்டு வாங்குறீங்க, நல்லது, ஆனா இதத்தான் மொதல்ல கேக்கணும்ங்குறது என் அபிப்பிராயம். அதே மாதிரி ஆன்லைன்ல ரெனியூ பண்றப்ப ஐடிவிய குறைச்சா பிரீமியம் ஆயிரமோ ரெண்டாயிரமோ குறையுதுன்னு இழுத்துக் கீழ வைக்குறாங்க பாருங்க, லோன் ஓடிட்டு இருக்குற வண்டிக்கு அதச் செய்யவே செய்யாதீங்க.

அடுத்தது, டோட்டல் லாஸா ரிப்பேரான்னு முடிவு பண்ற இடம். சண்டை பூராவும் இங்கதான் வரும். வண்டிய மீட்டு ரிப்பேர் பண்ற செலவு ஐடிவில 75 பர்சன்ட்டத் தாண்டுனா கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ். ஆனா பாலிசில இருக்குற அந்த வாக்கியத்துல "பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதப் பிடிச்சுக்கிட்டு பல கம்பெனிங்க பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிச்ச தொகையத்தான் 75 பர்சன்ட்டோட ஒப்பிடுவாங்க. மேல சொன்ன வண்டில 75 பர்சன்ட்டுன்னா 4,20,000. ஒர்க்ஷாப் எஸ்டிமேட் 4,90,000ன்னு வச்சுக்கோங்க, பம்பர், பிளாஸ்டிக் பார்ட்ஸுக்கு 50%, மெட்டலுக்கு ரெண்டு மூணு வருஷ வண்டின்னா 15%னு கழிச்சு 4,05,000ல நிறுத்துனா அது "ரிப்பேர் கேஸ்" ஆயிடும். 85,000 உங்க பாக்கெட்ல இருந்து, கையில வர்றது பில்லர் இழுத்து வெல்டு வச்ச வண்டி, லோன் இன்னும் நாலே முக்கால் வருஷம். ஜீரோ டெப் இருந்தா தேய்மானம் கழியாது, எல்லையத் தாண்டிடும்.

அதனால வண்டிய முழுசா கழட்டிப் பாக்காம எந்த முடிவுக்கும் ஒத்துக்காதீங்க. வெளிய பாத்துப் போடுற முதல் எஸ்டிமேட் எப்பவும் கம்மியாத்தான் இருக்கும். அந்த உளுந்தூர்பேட்டை வண்டிக்கு முதல்ல வந்தது 3,90,000. முன்பக்கம் கழட்டுனப்புறம் பாத்தா சப்-ஃபிரேம் முறுக்கிக்கிட்டு இருக்கு, ஸ்டியரிங் ரேக் போச்சு, டாஷ்போர்டுக்குப் பின்னாடி ஓடுற வயரிங் ஹார்னஸ் நசுங்கிக் கிடக்கு, ஏர்பேக் வெடிச்சா அதோட மாட்யூல், சீட் பெல்ட் பிரிடென்ஷனர் எல்லாம் புதுசு போடணும். சப்ளிமென்டரி எஸ்டிமேட்ல கழிவெல்லாம் போக 75 பர்சன்ட்டத் தாண்டிருச்சு. கழட்டுற செலவு யாரோடதுன்னு ஒர்க்ஷாப்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, பார்க்கிங் சார்ஜும் நாள் கணக்குல ஏறும், வண்டிய டோ பண்ணிக் கொண்டு வர்ற செலவுக்கு பாலிசில கார்னா வெறும் 1500 ரூபாதான்.

டோட்டல் லாஸ்னு முடிவானப்புறம் சில பேரு போன்ல ஒரு பேரம் பேசுவாங்க, "மார்க்கெட்ல உங்க வண்டி 4,80,000தான் போகும், அதுக்கு முடிச்சுக்கலாம்"னு. ஒத்துக்காதீங்க. டோட்டல் லாஸுக்கு அந்த பாலிசி வருஷம் முழுக்க ஐடிவிதான் மார்க்கெட் மதிப்பு, நடுவுல மறுபடி தேய்மானம் கழிக்கக் கூடாதுன்னு மோட்டார் டாரிஃப் விதிகள்லயே இருக்கு. பிரீமியம் வாங்குறப்ப ஒத்துக்கிட்ட மதிப்புல இருந்து கம்பெனி பின்வாங்க முடியாதுன்னு 2008ல தர்மேந்திர கோயல் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு.

சால்வேஜ் இன்னொரு குழி. உடைஞ்ச வண்டிய கம்பெனியே எடுத்துக்கிட்டு முழு ஐடிவி தரலாம், இல்ல வண்டிய உங்ககிட்ட விட்டுட்டு அதோட மதிப்பக் கழிச்சுத் தரலாம். ரெண்டாவது வழில "1,80,000 கழிச்சுட்டோம், நீங்க யாருக்காவது வித்துக்கோங்க"ம்பாங்க, ஆனா பேங்க் என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்குற சான்று) இல்லாம நீங்க சட்டப்படி யாருக்கும் விக்க முடியாது, லோன் பாக்கி தீராம பேங்க் என்ஓசி தராது, பாக்கிய அடைக்கப் போதுமான பணமும் கழிச்சதுனால வரலைன்னா நடுவுல மாட்டிக்கிட்டு நிப்பீங்க. லோன் வண்டின்னா முழு தொகை குடுத்து வண்டிய நீங்களே எடுத்துக்கோங்கன்னு எழுதிக் கேளுங்க. கழிச்சுத்தான் தருவோம்னா, அந்த விலைக்கு எடுத்துக்குற ஆள கம்பெனியே காட்டட்டும், அதையும் மெயில்லயே கேளுங்க.

கன்சென்ட் லெட்டர்னு ஒண்ணு நீட்டுவாங்க, இந்தத் தொகைக்கு சம்மதம்னு. தொகை எழுதாத லெட்டர்ல, தேதி போடாத ஃபார்ம்ல கையெழுத்துப் போடாதீங்க. போடுறதுக்கு முன்னாடி பேங்க்ல ஃபோர்குளோஷர் லெட்டர் (லோன மொத்தமா முடிக்க எவ்வளவு கட்டணும்னு சொல்ற லெட்டர்) வாங்கி, எந்தத் தேதி வரைக்கும் அந்தத் தொகை செல்லும்னு பாருங்க, அந்தத் தேதி தாண்டுனா வட்டி ஏறி சில ஆயிரம் பத்தாமப் போகும், அதுக்காகவே என்ஓசி நிக்கும். முன்கூட்டியே முடிக்கிறதுக்கு பேங்க் சார்ஜ் போட்டிருந்தா, நான் விருப்பப்பட்டு முடிக்கல, வண்டி போனதால முடியுதுன்னு எழுதித் தள்ளுபடி கேளுங்க, கேட்டவங்களுக்குக் குடுத்தத நான் பாத்திருக்கேன். குறைஞ்ச தொகைக்கு ஃபுல் அண்ட் ஃபைனல்னு கையெழுத்துப் போட்டுட்டோமேன்னு இருக்குறவங்களுக்கும் வழி அடைஞ்சு போகல, டிஸ்சார்ஜ் வவுச்சர்ல கையெழுத்துப் போட்டதனால மட்டும் கூடுதல் கேக்குற உரிமை போயிடாதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ 2015லயே சுற்றறிக்கை விட்டுருக்கு.

இழுத்தடிச்சா? 2024 ஜூன்ல வந்த ஐஆர்டிஏஐ மாஸ்டர் சர்குலர்படி கிளெய்ம் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயர் போடணும், 15 நாள்ல ரிப்போர்ட், ரிப்போர்ட் கிடைச்ச 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். சர்வே ரிப்போர்ட் காப்பி கேளுங்க, எந்தப் பார்ட்டுக்கு எவ்வளவு கழிச்சோம்னு வரி வரியா அதுல இருக்கும். நாங்க எழுதுறது வேதவாக்கு இல்ல, சர்வேயர் ரிப்போர்ட்டுக்கு மாறா முடிவு எடுக்கலாம்னு 2009ல பிரதீப் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது எங்களுக்கும்தான். தப்பா இருந்தா கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிக்குறவரு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டைல. 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். நுகர்வோர் கோர்ட்டும் இருக்கு, அதுக்கு ரெண்டு வருஷ கெடு. போன்ல பேசுனது எதுவும் அங்க நிக்காது, பேசி முடிச்ச உடனே "நீங்க இப்ப சொன்னது இதுதான்"னு ஒரு மெயில் தட்டிடுங்க.

பணம் வந்து லோன் முடிஞ்சப்புறம் பல பேரு அப்படியே விட்டுடுறாங்க. பேங்க்ல என்ஓசியும், ஆர்சில இருந்து பேங்க் பேர எடுக்குற ஃபார்ம் 35ம் கைல வாங்குங்க. சால்வேஜ் வண்டி உங்க பேருல இருக்குற ஆர்சியோட வெளிய போகக் கூடாது, டோட்டல் லாஸ் வண்டியோட சேசிஸ் நம்பர திருட்டு வண்டில அடிச்சு ஓட்டுற கூட்டம் இருக்கு, ஒரு நாள் போலீஸ் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும். இனி ஓடவே முடியாத வண்டின்னா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55படி 14 நாள்ல ஆர்டிஓவுக்குத் தெரிவிச்சு ஆர்சிய ஒப்படைக்கணும், வேற யாராவது எடுத்தா பேரு மாத்துனதுக்கு அத்தாட்சி வாங்கி வைங்க. ஃபாஸ்டேக்கையும் குளோஸ் பண்ணுங்க. அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க, அந்த லோனுக்கு நேரா "குளோஸ்டு"ன்னு இருக்கணும். பத்தாமக் குறைஞ்ச தொகைய பேங்க்கோட பேசித் தள்ளுபடி வாங்கியிருந்தா "செட்டில்டு"ன்னு போட்டுருவாங்க, அடுத்த வண்டிக்கு லோன் கேக்கப் போறப்ப அந்த ஒரு வார்த்தை முட்டுக்கட்டையா நிக்கும். அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னதும் அதான், 76,000 கடன் வாங்கியாவது முழுசாக் கட்டி குளோஸ்டு வாங்குங்க, மிச்சம் பிடிக்குறேன்னு பேங்க் ஏஜென்ட்டோட பேரம் பேசாதீங்கன்னு.