கிருமி விட்டுட்டுப் போற ஸ்பெல்லிங் மிஸ்டேக்

காலேஜ்ல ரெக்கார்டு நோட்டு பாத்து எழுதினவங்களுக்கு இந்த மேட்டர் சட்டுனு புரியும். ஒருத்தன் ஒரு ரீடிங்க தப்பா எழுதிருப்பான், அவன்கிட்ட வாங்கி எழுதின நாலு பேர் நோட்லயும் அதே தப்பு இருக்கும், அதுல ஒருத்தன் தன் பங்குக்கு புதுசா ஒண்ணு சேத்திருப்பான், அவனப் பாத்து எழுதினவனுக்கு ரெண்டு தப்பும் வந்துரும். யாரு யாரப் பாத்து எழுதினான்னு மேடம் அந்த தப்புகள வச்சே சொல்லிடுவாங்க.

2011ல அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள கிருமி பரவுன வழிய பிடிச்சதும் இப்படித்தான். மேரிலாந்துல பெத்தெஸ்டாங்கற ஊர்ல இருக்குற என்ஐஹெச் கிளினிக்கல் சென்டர், அரசாங்கத்தோட ஆராய்ச்சி ஆஸ்பத்திரி. ஜூன் மாசம் நியூயார்க்ல இருந்து ஒரு நோயாளிய அங்க மாத்துறாங்க. அவங்க உடம்புல க்ளெப்சியெல்லா நிமோனியேங்கற பாக்டீரியா, அதுவும் கார்பபெனம் மருந்துக்கே மசியாத ரகம். மத்த ஆன்டிபயாட்டிக் கைவிட்டா கடைசியா எடுக்குற மருந்து கார்பபெனம், அதுவே வேலைக்கு ஆகலன்னா டாக்டர் கையில பெருசா ஒண்ணும் மிஞ்சாது. விஷயம் முன்னாடியே தெரிஞ்சதால தனி ரூம், கிளவுஸ், கவுன்னு எல்லாம் கறாரா பண்ணாங்க. ஜூலை 15 அவங்க டிஸ்சார்ஜும் ஆயிட்டாங்க, அப்பாடான்னு இருந்தப்ப மூணு வாரம் கழிச்சு வேற ஒருத்தர்கிட்ட அதே பேர்ல கிருமி, அப்புறம் வாரத்துக்கு ஒருத்தர்ங்கற கணக்குல வந்துக்கிட்டே இருந்துச்சு. மொத்தம் 18 பேர். அதுல 11 பேர் இறந்துட்டாங்க, 6 பேர் சாவுக்கு இந்த கிருமிதான் காரணம்னு சொன்னாங்க.

இப்ப கேள்வி என்னன்னா, இது முதல் நோயாளிகிட்ட இருந்து வந்ததா இல்ல வெளிய இருந்து தனியா வந்ததா? அப்போ வழக்கத்துல இருந்த டெஸ்ட்ல டிஎன்ஏவ துண்டு துண்டா வெட்டி பட்டை பட்டையா பிரிச்சுப் பாப்பாங்க. ஆனா அமெரிக்காவுல இந்த ரகம் பெரும்பாலும் ஒரே குடும்பம், அதனால எங்கிருந்து வந்தாலும் பட்டை ஒரே மாதிரிதான் தெரியும். அதான் என்ஐஹெச் ஆராய்ச்சியாளர்கள் ஜூலி செக்ரி, இவான் ஸ்னிட்கின் டீம் முழு ஜீனோமையே, அதாவது கிருமியோட மொத்த டிஎன்ஏவயும் எழுத்து எழுத்தா, படிச்சிடலாம்னு இறங்கிச்சு. கிட்டத்தட்ட 60 லட்சம் எழுத்து. அத்தன எழுத்துல, எல்லா நோயாளிகளோட கிருமியயும் சேத்துப் பாத்தா, 41 எடத்துலதான் வித்தியாசம். அவ்ளோதான், ஆனா அதுவே போதும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் இதுதான்: முதல் நோயாளி உடம்புக்குள்ளயே கிருமி கொஞ்சம் மாறியிருந்துச்சு, தொண்டையில எடுத்ததும் நுரையீரல்ல எடுத்ததும் சில எழுத்து வேற. பாக்டீரியா ரெண்டா பிரியும்போது டிஎன்ஏவ காப்பி அடிக்குது, எப்பவாவது ஒரு எழுத்து மாறிடுது, ஒவ்வொரு எடத்துலயும் தனித்தனியா வளந்ததால தப்பும் தனித்தனி. மத்த நோயாளிகளோட கிருமியில இந்த தப்புகள்ல எது எது இருக்குன்னு பாத்தப்ப, முதல் நோயாளி கிட்ட இருந்து ஒரு தடவ இல்ல, மூணு தடவ தனித்தனியா மத்தவங்களுக்குப் போயிருக்குன்னு தெரிஞ்சுது.

ஆனா எழுத்த மட்டும் வச்சு கதைய முடிக்க முடியாது. கிருமி ரொம்ப மெதுவா மாறுது, ஒரே எழுத்து இருக்குற ரெண்டு பேர்ல யார் முதல்லன்னு ஜீனோம் சொல்லாது. அதுக்கு யார் எந்த வார்டுல எந்த நாள் படுத்திருந்தாங்கங்கற பெட் சார்ட் வேணும், அத வச்சிருக்கறது தொற்று தடுப்பு டாக்டர்களும் நர்ஸ்களும். ரெண்டையும் கம்ப்யூட்டர்ல போட்டு எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு கணக்கு பாத்தாங்க. அப்பதான் கண்டுபிடிச்ச வரிசையும் பரவுன வரிசையும் ஒண்ணில்லன்னு தெரிஞ்சுது. காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல, குடல்ல கிருமிய வச்சுக்கிட்டு சும்மா படுத்திருந்தவங்க வழியா அது நகந்திருக்கு. சுத்தம் பண்ணி வச்ச ஒரு வென்டிலேட்டர்லயும் சிங்க் ட்ரெயின்லயும் கூட கிருமி இருந்துச்சு.

அப்புறம் என்ன, ஐசியூவுக்குள்ள புதுசா செவுரு எழுப்பி, குழாய் லைனப் பேத்து எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு புகை அடிக்குற மெஷின விட்டு, நோய் தெரியாதவங்களுக்கும் சேத்து திரும்பத் திரும்ப ஆசனவாய்ல ஸ்வாப் எடுத்தாங்க. அந்த வருஷ கடைசிலதான் அது அடங்குச்சு.