கவாத்துக் கூடம்: சொல் விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பள்ளித் திடலில் சீருடைப் பிள்ளைகள் கால் மாற்றி நடக்கும் பயிற்சியை எல்லாரும் ‘காவாட்’ என்கிறோம். அதை மலாய்ச் சொல் என்று எண்ணும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, அதன் உடன்பிறப்பான ‘கவாத்து’ தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் என்பது வியப்பாக இருக்கும். ‘விதிகள்’ எனப் பொருள்படும் ‘கவாயித்’ என்னும் அரபுச் சொல், இந்துஸ்தானியில் படைப் பயிற்சியைக் குறித்து, அப்பொருளோடு தமிழுக்கு வந்தது. மலாய்ச் சொல்லுக்கும் வேர் அதுவே. தேயிலைச் செடியை நறுக்கிவிடுவதையும் கவாத்து என்பார்கள். இங்கே பேசுவது அதைப் பற்றியன்று.

பகுதிநேரப் படைவீரர்கள் கூடிப் படைப் பயிற்சி பெறும் கட்டடமான ‘டிரில் ஹால்’ என்பதற்கு நான் பரிந்துரைக்கும் தமிழ், கவாத்துக் கூடம். ‘டிரில்’ டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். துளையிடுதல், சுழற்றுதல் என்ற பொருளிலிருந்து, வீரர்களை இப்படியும் அப்படியும் திருப்பிப் பழக்குதல் என்ற பொருள் அதற்குக் கிளைத்தது. ‘பயிற்சி மண்டபம்’ என்றால் தையல் வகுப்பு நடக்கும் இடமாகவும் இருக்கலாம். துப்பாக்கியும் அணிநடையும் அச்சொல்லில் தெரிவதில்லை. தோட்டத்து வழக்கில் ‘பெரட்டு’ உண்டு. ஆனால் ‘பரேட்’ என்பதன் திரிபான அச்சொல், விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு உரியதாகிவிட்டது.

கட்டடத்தின் வரலாறு பிரிட்டனில் தொடங்குகிறது. பிரெஞ்சுப் படையெடுப்பு நேருமோ என்ற அச்சத்தில் 1859இல் அங்கே தொண்டர் படைகள் எழுந்தன. அவற்றில் சேர்ந்தவர்கள் பகலில் கடையிலும் பட்டறையிலும் வேலை செய்தவர்கள். மாலையிலும் மழையிலும் குளிரிலும் அவர்கள் கவாத்துப் பழக, இடையில் தூண் மறிக்காத அகன்ற கூரையுள்ள கூடம் தேவைப்பட்டது. அதையொட்டித் துப்பாக்கி வைக்கும் அறை, அலுவலகம், பயிற்றுநர் குடியிருப்பு ஆகியவை அமைந்தன. கூடம் காலியாக இருக்கும் நாள்களில் ஊரார் அங்கே நடனமும் இசை நிகழ்ச்சியும் நடத்தினார்கள். 1908இல் தொண்டர் படைகள் ‘டெரிட்டோரியல் ஃபோர்ஸ்’ என்னும் பகுதிநேரப் பிரதேசப் படையாக மாற்றியமைக்கப்பட்டபோதும் கூடங்களின் பயன்பாடு தொடர்ந்தது.

அதே வழக்கம் குடியேற்ற ஆட்சியோடு இப்பக்கமும் வந்தது. சிங்கப்பூரில் 1854இலும் பினாங்கில் 1861இலும் தொண்டர் படைகள் உருவாயின. மலாய் மாநிலங்களின் தொண்டர் படையில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் பலர் சேர்ந்தனர். பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் நிறுத்தியவரே நகரத்துக்குப் போய்க் கவாத்துக்கு வரிசையில் நின்றார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிங்கப்பூர் பீச் ரோட்டில் தொண்டர் படை இருந்த பழைய முகாமின் சில கட்டடங்கள் இன்று சவுத் பீச் வளாகத்துக்குள் பாதுகாக்கப்பட்டுள்ளன.

மலாயாவில் பிரதேசப் படை 1958இல் அமைந்தது. அதன் வழிவந்த, இன்றைய மலேசியாவின் பகுதிநேரப் படையான ‘அஸ்கார் வத்தானியா’வின் பெயரில் உள்ள ‘வத்தன்’ தாய்நாட்டைக் குறிக்கும் அரபுச் சொல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பகாங்கில் யோப் மகிடின் திரட்டிய எதிர்ப்புப் படையும் வத்தானியா என்றே பெயர் பெற்றிருந்தது. இன்றைய அஸ்கார் வத்தானியாவைப் பொதுவாகச் சுட்டும்போது ‘சேமப்படை’ எனலாம். அதன் வீரர்கள் கூடும் கட்டடத்தைக் கவாத்துக் கூடம் என்று எழுதினால், பள்ளித் திடலில் ‘காவாட்’ நடக்கும் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.